காலாண்டு அறிக்கைகளும் மாறாதிருந்த ஒரு வசனமும்

பெரும் கம்பனிகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தமது கணக்கறிக்கைகளைச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற நடைமுறையைக் கைவிட்டு, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சமர்ப்பித்தால் போதுமானது என்ற ஏற்பாட்டுக்கு மாற வேண்டுமென அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 செப்டெம்பரில் வலியுறுத்தினார். அந்நாட்டின் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர் போல் அட்கின்ஸ் அதனை வரவேற்றார். ட்ரம்ப் தமது முதலாவது பதவிக்காலத்திலும், 2018 ஓகஸ்ட்டில், இதே யோசனையை முன்வைத்திருந்தமை குறிப்பிடத்தக்கது.

இது நியூயோர்க்கின் தரகர்களுக்கும் கணக்காளர்களுக்கும் மாத்திரம் உரிய விவகாரமாக முதற்பார்வையில் தோன்றலாம். கொழும்பிலோ, யாழ்ப்பாணத்திலோ, காத்தான்குடியிலோ இருந்து இப்பக்கத்தை வாசிக்கும் ஒருவருக்கு இதில் என்ன இருக்கின்றது என்ற கேள்வி எழுவதும் இயல்பானதே. ஆயினும் எமது அன்றாட உரையாடல்கள், குடும்பப் படங்கள், வர்த்தக விளம்பரங்கள், அரசியல் விவாதங்கள் என்பவற்றோடு இனவாதப் பிரசாரங்களும் கூட இன்று பயணிப்பது இரண்டு மூன்று அமெரிக்கக் கம்பனிகளின் ஊடாகவேயாகும். அக்கம்பனிகள் தம்மைப் பற்றிப் பேசும் இடங்கள் பல. விளம்பரங்களில் பேசுகின்றன, மாநாட்டு மேடைகளில் பேசுகின்றன. ஆனால், தவறாகப் பேசினால் தண்டப்பணமும் வழக்கும் வரும் என்ற அச்சத்துடன் ஒழுங்காகப் பேசும் இடம் ஆணைக்குழுவுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை ஒன்றுதான். எனவே அவ்விடத்தில் வருடத்துக்கு எத்தனை தடவை பேச வேண்டும் என்பது எமக்கும் சம்பந்தமுள்ள விடயமேயாகும்.

அமெரிக்காவில் இந்தக் காலாண்டு அறிக்கைக்கு 10-கியூ என்று பெயர். 1970 ஆம் ஆண்டிலிருந்து இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்னர், 1955 முதல், அரையாண்டு அறிக்கையே நடைமுறையில் இருந்தது. நிதியாண்டின் முதல் மூன்று காலாண்டுகளுக்கும் 10-கியூவும், ஆண்டு முடிவில் 10-கே என்ற விரிவான அறிக்கையும் சமர்ப்பிக்கப்படுகின்றன. பெரிய கம்பனியொன்று காலாண்டு முடிந்து 40 நாட்களுக்குள் இதனைச் செய்தாக வேண்டும். 2002 ஆம் ஆண்டின் சார்பேன்ஸ் - ஒக்ஸ்லி சட்டத்தின் பின்னர், பிரதம நிறைவேற்று அதிகாரியும் பிரதம நிதி அதிகாரியும் ஒவ்வோர் அறிக்கையையும் தமது கையொப்பத்துடன் உறுதிப்படுத்த வேண்டும். எட்கார் என்ற இணையக் களஞ்சியத்தில் இவை அனைத்தும் கட்டணமின்றி எவரும் வாசிக்கக்கூடியவாறு உள்ளன. எமது கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவுபெற்ற கம்பனிகளும் காலாண்டு நிதிக்கூற்றுகளை வெளியிடுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் எண்களாலானவை. அமெரிக்க அறிக்கையில் எண்களுக்குப் புறம்பாக, கம்பனியை எதிர்நோக்கும் அபாயங்கள் என்றொரு பகுதி பல பக்கங்களுக்கு நீள்வதுண்டு. நாம் இங்கு கவனஞ்செலுத்த விரும்புவது அப்பகுதியின் மீதே.

எண்களை ஒப்பிடுவது இலகு. சென்ற ஆண்டின் இதே காலாண்டின் எண்ணைக் கம்பனியே பக்கத்தில் அச்சிட்டுத் தருகின்றது. சொற்களுக்கு அவ்வாறான ஏற்பாடு எதுவும் கிடையாது. சென்ற அறிக்கையில் இருந்த ஒரு வசனம் இம்முறை நீக்கப்பட்டிருந்தால், அதனை அடையாளமிட்டுக் காட்ட வேண்டிய கடப்பாடு கம்பனிக்கு இல்லை. வாசிப்பவரே இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து, வரிவரியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். லோரன் கோஹன், கிறிஸ்டோபர் மலோய், குவோக் நுயென் ஆகிய மூவரும் இதனைப் பல்லாயிரம் அறிக்கைகளில் செய்து பார்த்து, 2020 ஆம் ஆண்டில் நிதியியல் ஆய்வேடு ஒன்றில் முடிவுகளை வெளியிட்டனர். அறிக்கையின் வாசகங்களைக் கணிசமாக மாற்றிய கம்பனிகளின் பங்குகள், மாற்றாதவற்றைவிடப் பின்னாளில் குறைந்த பலனையே தந்தன என்பதும், மாற்றம் வெளியான நாளில் சந்தை அதனைக் கவனிக்கவேயில்லை என்பதும் அவர்கள் கண்டவையாகும். அதாவது, கெட்ட செய்தி எல்லோர் கண்முன்னும் இருந்தது, வாசிப்பதற்கு ஆளிருக்கவில்லை.

மாற்றம் ஒரு சமிக்ஞை என்றால், மாற வேண்டிய இடத்தில் மாறாதிருப்பதும் ஒரு சமிக்ஞையே. அதற்குக் கூகுளின் தாய்க் கம்பனியான அல்பாபெட்டின் 2018 ஆம் ஆண்டு அறிக்கைகளைப் போன்ற தெளிவான உதாரணத்தைக் காண்பது அரிது.

பேஸ்புக்குக்குப் போட்டியாகக் கூகுள் நடத்திவந்த கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தில் மென்பொருட் குறைபாடொன்று இருப்பதை 2018 மார்ச்சில் அக்கம்பனியின் பொறியியலாளர்கள் கண்டறிந்தனர். பாவனையாளர்கள் பகிரங்கப்படுத்தாத பெயர், மின்னஞ்சல் முகவரி, தொழில், வயது போன்ற விபரங்களை வெளியாரின் செயலிகள் பார்க்கக்கூடியதாக 2015 ஆம் ஆண்டு முதல் அக்குறைபாடு இருந்துவந்துள்ளது. ஏறத்தாழ 5 இலட்சம் கணக்குகள் பாதிக்கப்பட்டிருக்கக் கூடும் எனக் கூகுள் பின்னர் கூறியது. எவரும் அதனைத் துஷ்பிரயோகம் செய்தமைக்கு ஆதாரம் இல்லை என்றும் அது தெரிவித்தது. குறைபாடு உடனடியாகத் திருத்தப்பட்டது. ஆனால் உலகத்துக்குச் சொல்லப்படவில்லை. அதே மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில்தான் பேஸ்புக்கின் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்திருந்தது. இதனை வெளியிட்டால் அவ்விவகாரத்துடன் எம்மையும் ஒப்பிடுவார்கள், ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளின் கவனம் உடனடியாக எம்மீது திரும்பும், சுந்தர் பிச்சை காங்கிரஸின் முன் சாட்சியமளிக்க நேரிடும் என்று கூகுளின் உள்ளகக் குறிப்பொன்று எச்சரித்ததாக, 2018 ஒக்டோபர் 8 ஆம் திகதி வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை அம்பலப்படுத்தியது.

மார்ச்சுக்கும் ஒக்டோபருக்கும் இடையில், ஏப்ரலிலும் ஜூலையிலுமாக அல்பாபெட் இரண்டு காலாண்டு அறிக்கைகளைச் சமர்ப்பித்தது. ஆண்டறிக்கையில் கூறப்பட்ட அபாயங்களில் முக்கியமான மாற்றம் ஏதும் ஏற்பட்டிருந்தால் மாத்திரம் காலாண்டு அறிக்கையில் அதனைக் கூற வேண்டும் என்பது விதி. இரண்டு அறிக்கைகளும் முக்கியமான மாற்றம் எதுவுமில்லை என்றே கூறின. ஆண்டறிக்கையோ, தகவற் பாதுகாப்பில் குறைபாடு ஏற்படுமாயின் கம்பனியின் நற்பெயர் பாதிக்கப்படக் கூடும் என்று, இனிமேல் நிகழக்கூடிய ஒன்றைப் போல எழுதப்பட்டிருந்தது. அக்கட்டத்தில் அது நிகழ்ந்து முடிந்த ஒன்று.

ரோட் ஐலண்ட் மாநில அரச ஊழியர்களின் ஓய்வூதிய நிதியம் இவ்விடயத்தில் பங்குதாரர்களின் சார்பில் வழக்கை முன்னின்று நடத்தியது. 2020 இல் கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜூனில் கலிபோர்னியாவை உள்ளடக்கிய 9 ஆவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் முக்கிய பகுதியை மாற்றியது. ஏற்கனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றை நிகழக் கூடியது என்று எழுதுவது வாசிப்பவரைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடும் என்பதும், மாற்றமில்லை என்ற அந்த இரண்டு வரிகளும் அதற்குட்படும் என்பதும் அந்நீதிமன்றின் நிலைப்பாடாகும். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2024 பெப்ரவரியில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 350 மில்லியன் டொலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ள அல்பாபெட் இணங்கியது. தொகை பெரிதெனத் தோன்றலாம். 2023 ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அக்கம்பனியின் வருமானம் 86 பில்லியன் டொலரைத் தாண்டியது. அந்தக் கணக்கின்படி 350 மில்லியன் என்பது ஏறத்தாழ ஒன்பது மணித்தியால வருமானமேயாகும்.

பேஸ்புக்கின் கதையும் இதே வார்த்தையில்தான் சுழல்கின்றது. பல மில்லியன் பாவனையாளர்களின் விபரங்கள் ஆய்வாளர் ஒருவர் மூலம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குக் கைமாறியதைப் பேஸ்புக் 2015 ஆம் ஆண்டிலேயே அறிந்திருந்தது. இருந்தும் அதன் பின்னர் இரண்டு வருடங்களுக்கு மேலாக, காலாண்டுக்குக் காலாண்டு, பாவனையாளரின் தரவுகள் முறைகேடாகப் பயன்படுத்தப்படக் கூடும் என்றே எழுதி வந்தது. 2018 மார்ச்சில் செய்தி வெளியான பின்னரே அந்தப் பாடம் திருத்தப்பட்டது. 2019 ஜூலையில் ஆணைக்குழு இதற்காக 100 மில்லியன் டொலரை அறவிட்டது. பேஸ்புக் குற்றச்சாட்டை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2024 நவம்பரில் வாதங்கள் கேட்கப்பட்டபின், தீர்ப்பெதுவுமின்றி மேன்முறையீடு தள்ளப்பட்டது. வழக்கைத் தொடரலாம் என்ற கீழ் நிலைத் தீர்ப்பு அதனால் நிலைத்தது.

வாசகங்கள் இவ்வாறு உறைந்து கிடக்க, அதே அறிக்கைகளில் வேறொரு மூலையில் எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. பேஸ்புக் பங்குச் சந்தைக்கு வருவதற்காக 2012 ஆம் ஆண்டில் சமர்ப்பித்த ஆவணத்தில், போலிக் கணக்குகளும் இரட்டைக் கணக்குகளும் மொத்தத்தில் 5 முதல் 6 சதவீதமாக இருக்கலாம் எனக் கூறியிருந்தது. சந்தைக்கு வந்தபின் சமர்ப்பித்த முதலாவது காலாண்டு அறிக்கையில் அது 8.7 சதவீதமாகியது. 955 மில்லியன் பாவனையாளரில் 83 மில்லியன் என்பது அதன் பொருள். 2017 ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், இரட்டைக் கணக்குகளின் மதிப்பீடு 6 இலிருந்து 10 சதவீதமாகவும், போலிக் கணக்குகளின் மதிப்பீடு 1 இலிருந்து 2 - 3 சதவீதமாகவும் ஒரே தடவையில் உயர்த்தப்பட்டன. 2018 இன் இறுதியில் அவை முறையே 11, 5 சதவீதங்களாயின. இவ்வுயர்வில் ஒரு பகுதி கணிப்பு முறையில் செய்யப்பட்ட திருத்தத்தின் விளைவு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே பந்தியில், இரட்டைக் கணக்குகள் வளர்முக நாடுகளில் கணிசமாக அதிகம் என்ற குறிப்பொன்றும் அறிக்கைக்கு அறிக்கை இடம்பெற்று வந்தது. விளம்பரதாரர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் அது எண்ணிக்கை பற்றிய எச்சரிக்கை. வளர்முக நாடொன்றில் வாழும் எமக்கு அதன் பொருள் வேறு. எம்மைச் சூழப் பேசும் குரல்களில் எத்தனை உண்மையான மனிதர்களுடையவை என்ற கேள்வி அது.

2018 மார்ச் மாதம் இலங்கை வாசகர்களுக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் வர்த்தக நிலையங்களும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை தடைசெய்யப்பட்டன. இலங்கையில் பேஸ்புக் வழியாகப் பரவும் வெறுப்புப் பேச்சுப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 ஆம் ஆண்டிலேயே விரிவான ஆய்வொன்றை வெளியிட்டிருந்தது. அளுத்கமை வன்செயல்கள் நிகழ்ந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே முன்கூட்டியே எவரும் சொல்லவில்லை என்று கூறுவதற்கு இடமில்லை. 2020 மே மாதத்தில், சுயாதீன மனித உரிமைகள் மதிப்பீடொன்றை வெளியிட்டபோது, 2018 வன்செயலில் தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கோரியது.

திகனை எரிந்த அந்தக் காலாண்டுக்கான பேஸ்புக்கின் கணக்கில் வருமானம் 11.97 பில்லியன் டொலர். முந்திய ஆண்டின் அதே காலாண்டைவிட 49 சதவீதம் அதிகம். பாவனையாளர் அட்டவணையில் இலங்கைக்கெனத் தனி வரி கிடையாது. அமெரிக்காவும் கனடாவும் ஒரு வரி, ஐரோப்பா ஒரு வரி, ஆசிய பசுபிக் ஒரு வரி, எஞ்சிய உலகம் மற்றொரு வரி. யப்பானும் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் இலங்கையும் ஒரே வரிக்குள் அடக்கம். 2023 ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அமெரிக்க, கனேடியப் பாவனையாளர் ஒருவரிடமிருந்து கிடைத்த சராசரி வருமானம் 68.44 டொலர். ஆசிய பசுபிக்கில் அது 5.52 டொலர். அறிக்கையில் எது முக்கியம் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலும் இதனோடு ஒத்துப்போகின்றது. நியாயமான முதலீட்டாளர் ஒருவரின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடியதே அமெரிக்கச் சட்டத்தில் முக்கியமான தகவலாகும். திகனையில் கடை எரிந்தவர் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருவதில்லை. அவரது இழப்பு, கம்பனியின் பங்கு விலையைத் தொடும் அளவுக்குப் பெரிதாகும் வரையில், அறிக்கைக்கு வெளியில்தான் நிற்கும்.

இதனாற்றான் அந்தக் கரடுமுரடான பிராந்திய வரிகளையாவது நாம் பெறுமதியானவையாகக் கருதுகின்றோம். அவையும் நிலைத்திருக்கவில்லை. 2021 ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் பேஸ்புக்கின் நாளாந்தப் பாவனையாளர் தொகை முதன்முறையாக, 1.930 பில்லியனிலிருந்து 1.929 பில்லியனுக்கு, இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு வெளியான மறுநாள், ஏனைய காரணங்களும் சேர, கம்பனியின் பங்கு விலை 26 சதவீதம் வீழ்ந்தது. பின்னர் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. ஆயினும் 2024 இன் முதற்காலாண்டிலிருந்து பேஸ்புக்குக்கெனத் தனியான பாவனையாளர் தொகையை வெளியிடுவதை மெட்டா நிறுத்திவிட்டது. தனது எல்லாச் செயலிகளையும் சேர்த்த ஒற்றை எண்ணே இப்போது தரப்படுகின்றது. அப்பிள் கம்பனி இவ்வழியில் முன்னரே நடந்துள்ளது. எத்தனை ஐபோன்கள் விற்கப்பட்டன என்பதை இனி வெளியிடுவதில்லை என 2018 நவம்பர் 1 ஆம் திகதி அறிவித்த அக்கம்பனி, இரண்டு மாதங்கள் கழித்து, 2019 ஜனவரி 2 ஆம் திகதி, காலாண்டு வருமான எதிர்பார்ப்பை 89 - 93 பில்லியன் டொலரிலிருந்து 84 பில்லியனாகக் குறைத்தது. ஓர் எண் காணாமற்போகும் காலாண்டு, அந்த எண்ணை விடக் கூடுதலாகக் கவனிக்கத் தக்கது என்ற ஐயம் எமக்கு உண்டு.

இனி ஆரம்பத்தில் குறிப்பிட்ட அரையாண்டு யோசனைக்கு வருவோம். அதற்குச் சார்பான வாதங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தேர்வெழுதும் கம்பனி நீண்டகால முதலீடுகளைத் தவிர்க்கும் என்பதிலும், சிறிய கம்பனிகளுக்குச் செலவு அதிகம் என்பதிலும் உண்மை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஆம் ஆண்டின் பணிப்புரை மூலமும், பிரித்தானியா 2014 இலும் காலாண்டு அறிக்கைக் கட்டாயத்தைக் கைவிட்டன. அதனால் அங்கு வானம் இடிந்து விழவில்லை. மேலும், அல்பாபெட் இரண்டு அறிக்கைகளைச் சமர்ப்பித்தும் உண்மையைச் சொல்லவில்லையே, ஒன்றாகக் குறைத்தால் இழப்பது என்ன என்றும் எவரும் கேட்கலாம்.

இழப்பது அந்த வரிதான் என்பது எமது பதில். முக்கியமான மாற்றம் எதுவுமில்லை என்று அல்பாபெட் எழுதிய வரி இருந்ததனால்தான், ஓய்வூதிய நிதியமொன்று அதனைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் செல்ல முடிந்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில், மக்குவாரி கம்பனி தொடர்பான வழக்கில், இதனை இன்னும் கூர்மையாக்கியுள்ளது. பிணையங்கள் மோசடிக்கு எதிரான பிரதான விதியின் கீழ், அரை உண்மை பேசிய கம்பனிமீது முதலீட்டாளர் வழக்குத் தொடரலாம், வாயே திறக்காமல் இருந்த கம்பனிமீது தொடர முடியாது என ஒன்பது நீதியரசர்களும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். இந்நிலையில், கம்பனி வாய் திறக்க வேண்டிய தடவைகளைக் குறைப்பது, காகிதத்தைச் சேமிக்கும் வெறும் நிர்வாகச் சீர்திருத்தமாக அமையாது. மௌனத்துக்குச் சட்டம் அளித்துள்ள பாதுகாப்பை அது மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டுகின்றது. சிறிய கம்பனிகளுக்குச் சலுகை வழங்குவதில் எமக்கு ஆட்சேபனை இல்லை. கோடிக்கணக்கான மக்களின் உரையாடலைத் தன் கையில் வைத்திருக்கும் கம்பனிக்கு அதே சலுகையை வழங்குவதற்கு எந்த நியாயத்தையும் நாம் காணவில்லை.

ஆணைக்குழு இத்தகைய விதியொன்றைத் திருத்துவதாயின், முன்மொழிவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கோர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமாகும். கருத்துத் தெரிவிப்பதற்கு அமெரிக்கப் பிரஜையாகவோ பங்குதாரராகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை. 2014 இலிருந்து இந்நாட்டின் வெறுப்புப் பதிவுகளைத் திரட்டி ஆவணப்படுத்தி வைத்திருக்கும் எமது சிவில் அமைப்புகள், அந்த ஆவணங்களில் ஒரு பிரதியை அங்கும் அனுப்பி வைக்கலாம்.